யூ இல்லாத க்யூ: ஸ்கிராபிள் பலகையில் சில சிறு சொற்கள்

கேட்கப்பட்டது இதுதான்: "மகளோடு ஸ்கிராபிள் விளையாடுகிறேன். க்யூ எழுத்து வந்துவிட்டால், கூடச் சேர்க்க யூ கிடைக்காமல் ஆட்டம் முடியும்வரை கையிலேயே கிடக்கிறது. யூ இல்லாமல் க்யூ வருகிற சின்ன ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றனவா? பொருளோடு சொல்லுங்கள். இராக், கத்தார் என்று வைக்கலாம் என மகள் சண்டை பிடிக்கிறாள், அது சரியா?"

இருக்கின்றன. உங்கள் மகள் கெட்டிக்காரி என்றும் தெரிகிறது. அவளுடைய வழக்கைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சிறு சங்கடம். ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினால் பென்சிலின் பியும் பஸ்ஸின் பியும் ஒன்றாகிவிடும். டைகரின் டியும் டாக்டரின் டியும் அப்படியே. குழப்பம் வரும் இடத்தில் எந்தப் பி, எந்த டி என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு சொல்லைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் "க்யூ-ஐ" என்ற இரண்டெழுத்துச் சொல்லைச் செய்யுங்கள். க்யூ வரும் இரண்டெழுத்துச் சொல் இது ஒன்றுதான். உச்சரிப்பு "ச்சீ". சீன மொழியில் மூச்சு, காற்று என்று பொருள். உடலில் ஓடும் உயிராற்றல் என்ற பொருளில் சீன மருத்துவமும் தற்காப்புக் கலைகளும் இதைப் பயன்படுத்துகின்றன. நம் ஊரில் பிராணன் என்கிறோமே, ஏறத்தாழ அந்த இடம். "ச்சீ" என்று ஒலிக்கும் சொல்லுக்கு எதற்கு க்யூ என்று கேட்பீர்கள். சீன அரசு 1958-இல் ரோமன் எழுத்தில் சீனம் எழுதுவதற்கு பின்யின் என்னும் முறையை ஏற்றுக்கொண்டது. அந்த முறையில் இந்த ஒலிக்குக் க்யூவை ஒதுக்கிவிட்டார்கள். நாம் ழகரத்துக்கு இசட்டையும் எச்சையும் சேர்த்து எழுதவில்லையா? அதைப் பார்த்து வடநாட்டார் "கோஸிக்கோடு" என்று படிப்பது போலத்தான், இதைப் பார்த்து நாம் "கி" என்று படிப்பதும். பழைய முறையில் இதே சொல்லைச் சி-எச்-ஐ என்று எழுதினார்கள். அதுவும் ஸ்கிராபிளில் செல்லும். ஆனால் "தாய்ச்சி" என்ற பயிற்சியின் பெயரில் வரும் "ச்சி" இதுவல்ல. அது வேறு எழுத்து, வேறு சொல். எல்லை, உச்சம் என்று பொருள்படும். பலர் இரண்டையும் ஒன்றாக்கி விளக்கம் தருவார்கள், நம்பவேண்டாம்.

க்யூவுக்கு 10 புள்ளி, ஐக்கு 1. ஆக 11 தானா என்று எண்ணாதீர்கள். எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் இதே சொல் அமையும்படி செய்தால் 31, 31 என்று 62 புள்ளி. எனக்கு எதிரே இப்படி ஒருவர் வைத்தபோது நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அமெரிக்க ஆட்டக்காரர்களின் பட்டியலில் இந்தச் சொல் 2006-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்பு க்யூ வந்தாலே சாபம் என்ற நிலை.

சாபம் என்பது மிகையில்லை. ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930-களில் இந்த விளையாட்டை உருவாக்கும்போது, செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் எழுத்து பொறித்த வில்லைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தார். 100 வில்லைகளில் க்யூ ஒன்று, யூ நான்கு, எதுவும் எழுதாத வெற்று வில்லை இரண்டு. ஆட்டம் முடியும்போது க்யூ உங்கள் கையில் இருந்தால் உங்கள் கணக்கில் 10 குறையும். முடித்தவருக்கு அதே 10 கூடும். அதாவது 20 புள்ளிப் பள்ளம்.

இனி, க்யூவும் யூவும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டே திரிகின்றன என்பதைச் சொல்லவேண்டும். ஆங்கிலம் பிறந்தபோது இந்தப் பழக்கம் இல்லை. அரசியைக் குறிக்கும் "குயின்" என்ற சொல்லைப் பழைய ஆங்கிலத்தில் சியும் டபிள்யூவும் போட்டு எழுதினார்கள். 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அதே ஒலிக்கு க்யூ-யூ என்று எழுதத் தொடங்கினார்கள். இலத்தீனிலிருந்து வந்த வழக்கம் அது. ஆகவே ஓர் ஆங்கிலச் சொல்லில் யூ இல்லாமல் க்யூ தனியே நிற்கிறது என்றால், அந்தச் சொல் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் பிறந்ததல்ல. வெளியூரிலிருந்து வந்து, ஊர் வழக்கம் தெரியாமல் நிற்கிறது. எந்த ஊர் என்று தெரிந்துகொண்டால் எழுத்துக்கூட்டல் தானாக நினைவில் நிற்கும். பட்டியலாக உருப்போட்டுத் தோற்றவன் சொல்கிறேன்.

பெரும்பாலானவை வந்த ஊர் அரபு. அரபியில் இரண்டு ககரங்கள் உண்டு. ஒன்று நம் க போல, பெயர் காஃப். மற்றொன்று நாக்கின் அடிப்பகுதி உள்நாக்கைத் தொட்டு எழும் ஆழமான ஒலி. பெயர் காஃப் என்றே தமிழில் எழுதவேண்டியிருக்கிறது, இதுதான் நம் தொல்லை. அந்த ஆழமான ககரத்தால் தொடங்கினால் "கல்பு" இதயம். சாதாரண ககரத்தால் தொடங்கினால் நாய். மாற்றிச் சொன்னால் காதல் கடிதம் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டையும் பிரித்துக் காட்ட, ரோமன் எழுத்தில் ஆழமான ககரத்துக்குக் க்யூவைப் போட்டார்கள். ஆங்கிலத்தில் யூ இல்லாத க்யூ கூட்டத்தில் பெரும்பகுதி இந்த வழியாக வந்ததுதான்.

இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கிலாந்துக்காரருக்கு அது கிடையாது. இந்த ஆழமான ககரம் வரும் சொற்களை நாம் அன்றாடம் பேசுகிறோம். கடையில் பாக்கி வைக்கிறோம், சான்றிதழை நகல் எடுக்கிறோம், தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடக்கிறோம், தாத்தா காலத்தில் கிஸ்தி கட்டினோம். நான்கும் அரபியில் அந்த எழுத்தோடு தொடங்கிய பயணம். வக்கீல் மட்டும் சாதாரண ககரம். அவருக்கு க்யூ கிடையாது.

நான்கெழுத்துச் சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: க்யூ-ஏ-டி-ஐ, டாக்டரின் டி. இசுலாமியச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லும் நீதிபதி. யார் என்று தெரிகிறதா? ரமலான் பிறை தெரிந்ததை அறிவிக்கும் தமிழ்நாடு அரசின் தலைமை காஜிதான். இலங்கையில் இதே சொல் "காதி" ஆகிறது. முஸ்லிம்களின் மணவிலக்கு வழக்குகளைக் காதி நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. அரபியில் டகரத்தோடு ஒத்த ஓர் ஒலி பாரசீகத்துக்கும் உருதுக்கும் போகும்போது ஜகரச் சாயல் பெறுகிறது. உருது வழியாக வந்ததால் நமக்கு ஜி. ஸ்கிராபிளில் அரபிப் படியே டி.

அந்த எழுத்துகளையே கொஞ்சம் மாற்றி அடுக்கினால் க்யூ-ஏ-ஐ-டி. தலைவன், வட ஆப்பிரிக்காவில் ஊர் அல்லது குலத் தலைவனுக்கு இந்தப் பெயர். இதையும் நீங்கள் ஆயிரம் முறை சொல்லியிருப்பீர்கள். திருநெல்வேலிப் பேட்டையில் 1896-இல் பிறந்த முகமது இஸ்மாயிலைக் காயிதே மில்லத் என்று அழைக்கிறோமே, அதில் முன்னால் நிற்கும் "காயித்" இதுதான். சமுதாயத்தின் தலைவர் என்பது அந்தப் பட்டத்தின் பொருள். சென்னையில் அவர் பெயரில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு 14 புள்ளி ஞாபகம் வரும். நல்ல பழக்கம் என்று சொல்லமாட்டேன்.

டபிள்யூ-ஏ-க்யூ-எஃப் என்பது வக்ஃபு. அறப்பணிக்காக நிரந்தரமாக எழுதிவைக்கப்பட்ட சொத்து. செய்தித்தாளில் வக்ஃபு வாரியம் இடம்பெறாத வாரம் இல்லை, விளக்கம் வேண்டாம். 19 புள்ளி. அதே 19 புள்ளிக்கு எஃப்-ஐ-க்யூ-எச் என்று ஒன்று உண்டு: ஃபிக்ஹு, அதாவது இசுலாமியச் சட்டவியல். எந்தச் செயல் கூடும், எது கூடாது என்று மூல நூல்களிலிருந்து ஆய்ந்து வகுக்கும் துறை. பார்த்தால் தட்டச்சுப் பிழை போல இருப்பதால், வைத்தவுடன் எதிராளி அகராதியைத் தேடுவார். தேடட்டும்.

மூன்றெழுத்தில் க்யூ-ஏ-டி, இது டைகரின் டி. "காத்" என்ற செடியின் இலை. யேமன், எத்தியோப்பியா, சோமாலியா, ஜிபூட்டி நாடுகளில் பிற்பகலில் கூட்டமாக உட்கார்ந்து இந்தத் தளிரை மென்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். நம் வெற்றிலைச் செல்லம் போல என்று சொல்லத் தோன்றும். ஆனால் இதில் கத்தினோன் என்னும் ஊக்கப் பொருள் இருக்கிறது. பிரிட்டன் 2014-இல் இதைத் தடை செய்தது. கே-ஏ-டி என்றும் கே-எச்-ஏ-டி என்றும் எழுதலாம், எல்லாமே செல்லும். ஒரே இலைக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பது அகராதிக்காரர்களுக்குத் தலைவலி, நமக்கு வரம்.

இன்னொரு மூன்றெழுத்து எஸ்-யூ-க்யூ: அரபு நாட்டுச் சந்தை. யூ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் க்யூவுக்கு முன்னால். யூ கிடைத்தும் அதைப் பின்னால் சேர்க்க இடமில்லாமல் தவிக்கும்போது இது உதவும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். தங்கச் சந்தைக்குப் போகிறேன் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், "கோல்டு சூக்" என்றுதான் சொல்வார்கள்.

ஐந்தெழுத்துக்கு வந்தால் கூட்டம் பெருகுகிறது: தலாக், நிகாப், புர்கா, கிப்லா, ஃபகீர், உணவகப் பட்டியலில் வரும் கோர்மாகூட. எல்லாவற்றிலும் ககரத்தின் இடத்தில் க்யூ. தலாக் மணவிலக்கு, உடனடி முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தபோது எல்லா ஆங்கிலப் பத்திரிகைகளும் இந்த எழுத்துக்கூட்டலில்தான் தலைப்புப் போட்டன. நிகாப் முகத்தை மறைக்கும் திரை. கிப்லா என்பது தொழுகையில் மெக்காவை நோக்கி நிற்கும் திசை. ஃபகீர் என்றால் அரபியில் ஏழை என்றுதான் பொருள். பிறகு துறவிக்கு ஆனது, தமிழில் பக்கிரி. 1931-இல் சர்ச்சில் காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று இகழ்ந்தாரே, அதே சொல்.

கனாத் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும்; அதன் மேல் எனக்கு ஒரு பிரியம். க்யூ-ஏ-என்-ஏ-டி, டைகரின் டி. ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை வறண்ட சமவெளிக்குக் கொண்டுவர பூமிக்கு அடியில் வெட்டிய கால்வாய். வழிநெடுகக் கிணறு போன்ற செங்குத்துக் குழிகளை இறக்கி, அவற்றின் அடியை மென்மையான சரிவில் இணைத்துக்கொண்டே போவார்கள். நீரிறைக்க மாடும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம், சரிவே இழுத்துவரும்; மண்ணுக்குள் ஓடுவதால் வெயிலில் ஆவியாவதும் குறைவு. 2016-இல் யுனெஸ்கோ பாரசீகக் கனாத்துகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் பாலைவனத்தில் எறும்புப் புற்றுகள் வரிசையாகப் போவது போலத் தெரியும். 14 புள்ளிதான், ஆனால் மகளிடம் சொல்ல ஒரு கதை கிடைக்கிறது.

அரபுக்கு வெளியே போவோம். க்யூ-ஓ-பி-எச், பென்சிலின் பி. எபிரேய நெடுங்கணக்கின் 19-ஆவது எழுத்தின் பெயர். எண்ணாகப் பயன்படுத்தினால் 100. இந்தச் சொல்லின் அழகு வேறிடத்தில் இருக்கிறது. பினீசியர்களிடம் இருந்த இதே எழுத்து கிரேக்கத்துக்குப் போய்க் கொப்பா ஆனது. கிரேக்கர்கள் அதை எழுத்து வரிசையிலிருந்து கழித்துவிட்டு 90 என்ற எண்ணுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்குள் அது இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்து இலத்தீன் க்யூ ஆகிவிட்டது. ஆக, உங்கள் கையில் மாட்டிக்கொண்ட அந்த எழுத்தின் பாட்டன் பெயரையே பலகையில் வைத்து 18 புள்ளி வாங்கலாம்.

சீனத்திலிருந்து இன்னொன்று க்யூ-ஐ-என்: ஏழு நரம்புகள் கொண்ட, மடியிலோ மேசையிலோ கிடத்தி மீட்டும் பழைய இசைக்கருவி. 1977-இல் நாசா வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் இந்தக் கருவியின் இசையும் ஏறிப் போயிருக்கிறது.

ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களின் மொழியிலும் தொண்டையின் அடியில் எழும் அந்த ஒலி உண்டு. அவர்களிடமிருந்து வந்தது யூ-எம்-ஐ-ஏ-க்யூ. தோல் போர்த்திய பெரிய திறந்த படகு. கயாக் என்று நாம் அறிந்த சிறு படகின் பெயரையும் அவர்கள் முன்னும் பின்னும் க்யூ போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஸ்கிராபிளில் க்யூ ஒன்றுதான். இன்னொன்றுக்கு வெற்று வில்லையைச் செலவழிக்கவேண்டும்.

அல்பேனியாவின் சில்லறைக் காசு, இஸ்ரேலின் நாணயம் என்று ஆறெழுத்தில் சில இருக்கின்றன. வீட்டு ஆட்டத்துக்கு அவை தேவைப்படாது. ஆங்கில மண்ணிலேயே முளைத்தவை இரண்டு மட்டும் சொல்கிறேன். ஒன்று டிராங்க்: மயக்க அமைதி தரும் மருந்தின் நீண்ட பெயரை வெட்டியபோது யூ வெட்டுப்பட்டு க்யூ வாலில் நின்றுவிட்டது. மற்றொன்று க்வெர்ட்டி: கணினி விசைப்பலகையின் மேல்வரிசை முதல் ஆறு எழுத்துகள். மறந்துபோனால் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தால் போதும், ஆட்டத்தின் நடுவே செய்தால்தான் தப்பு.

பொருள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் இவற்றை எங்கே வைப்பது என்பதுதான் கையில் கிடக்கும் க்யூவை உண்மையில் இறக்கும். பலகையில் ஏற்கெனவே இருக்கும் சொல்லின் தலையில் க்யூவை ஒட்ட முடியுமா என்று பாருங்கள். "அட்" என்ற சொல்லின் முன் வைத்தால் காத் இலை. "இன்" முன்னால் வைத்தால் சீன இசைக்கருவி. "இஸ்" முன்னால் வைத்தால் உயிராற்றலின் பன்மை. உதவி என்று பொருள்படும் "எய்ட்" முன்னால் வைத்தால் வட ஆப்பிரிக்கத் தலைவன். வாலில் ஒட்டுவதற்கு ஒரு நல்ல இடம்: நம் தாளத்தை ஆங்கிலத்தில் டி-ஏ-எல்-ஏ என்று எழுதுவார்கள், அதுவும் செல்லும். அதன் பின்னால் ஒரு க்யூ போடுங்கள். கச்சேரி மணவிலக்கில் முடிந்துவிடும்.

இடமே அமையாவிட்டால் பையில் குறைந்தது ஏழு வில்லைகள் மிச்சமிருக்கும்போதே க்யூவை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் மாற்ற முடியாது. ஒரு முறை ஆட்டம் போனாலும் பரவாயில்லை; 20 புள்ளிப் பள்ளத்தைவிட அது மலிவு. எந்த அகராதி என்பதையும் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தியா, இலங்கை, பிரிட்டன் என்று பெரும்பாலான நாடுகளில் காலின்ஸ் பட்டியல். நான் சொன்னவை அதன்படி. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறு பட்டியல். இவற்றில் சில அங்கே செல்லாது.

இப்போது மகளின் வழக்கு. இராக், கத்தார் இரண்டும் செல்லாது. பெரிய எழுத்தில் தொடங்கும் ஊர்ப்பெயர், ஆட்பெயர் எதற்கும் இடமில்லை. ஆனால் யூ இல்லாத க்யூவை நாட்டுப் பெயர்களில் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்குச் சும்மா "கூடாது" என்று சொல்லி அனுப்பவேண்டாம். அவளுக்கு இன்னொரு ஊரைச் சொல்லுங்கள்: கனடாவின் நூனவுட் பிரதேசத் தலைநகர் இக்காலுயிட். ஐக்குப் பிறகு க்யூ, அதன் பிறகு ஏ. இனுயிட் மொழியில் மீன்கள் நிறைந்த இடம் என்று பொருள். 2009-இல் கனடாப் பிரதமர் அலுவலகம் வெளியிட்ட செய்திக்குறிப்பில், க்யூ என்றாலே யூ வரவேண்டும் என்ற பழக்கத்தில் யாரோ நடுவில் ஒரு யூவைச் சேர்த்துவிட்டார்கள். அப்படி எழுதினால் அந்த மொழியில் வரும் பொருள், பின்புறம் கழுவாதவர்கள். உங்கள் மகள் எந்த வயதினள் என்று நீங்கள் சொல்லவில்லை. பத்துக்குள் என்றால் அடுத்த ஒரு வாரத்துக்கு வீட்டில் வேறு பேச்சு இருக்காது.